யானைக்கால் நோய் ஒழிந்துவிட்டதா? கடலூரிலிருந்து ஒரு பதில்

பண்ருட்டிப் பக்கத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் அவருடைய அத்தைக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக இடது காலில் யானைக்கால். போன மாதம் குளிர்காய்ச்சல் வந்து, கால் நெருப்பாகச் சிவந்து, ஐந்து நாள் எழுந்திருக்கவே இல்லையாம். "இந்த நோய் நம் பக்கத்தில் ஒழிந்துவிட்டது என்று படித்தேன். அப்படியிருக்க, உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் இது ஏன் இன்னும் இருக்கிறது? மாத்திரை கொடுத்தால் அத்தையின் கால் வற்றுமா? என் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் கடலூர் மாவட்டத்தில் சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் யானைக்கால் தடுப்பு வேலையில்தான் கழிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் மனத்தை அரிக்கும் கேள்விக்கு முதலில் பதில். பிள்ளைக்கு ஒட்டாது. அத்தையின் மடியில் உட்காரலாம், அவர் தட்டில் சாப்பிடலாம், அவர் படுத்த பாயில் படுக்கலாம். யானைக்கால் தொட்டு வருவதில்லை, ஊர்த் தண்ணீரால் வருவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. புழுவைச் சுமந்த கொசு கடித்துத்தான் வரும். அதுவும் ஓரிரு கடியில் வராது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடி வாங்கவேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். கால் இந்த அளவுக்கு முற்றியவர்களின் இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் இருப்பது அரிது. நோயைப் பரப்புபவர்கள் பெரும்பாலும் வெளியே ஒரு குறையும் தெரியாமல் நம் நடுவில் நடமாடுபவர்கள். ஊர் ஒதுக்கி வைப்பதோ பரப்பாத அத்தையை. இந்த அநியாயத்தை முப்பது ஆண்டுகளாக வீடு வீடாகச் சொல்லியும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். நம் ஊரில் யானைக்கால் மாத்திரை என்று கொடுத்தோமே, அந்த டை எத்தில் கார்பமசின், இரத்தத்தில் ஓடும் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும். தாய்ப் புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். அத்தையின் காலில் பழுதாகிப்போன, உடம்பின் நீரை வடிக்கும் நிணநீர் நாளங்களைத் திருப்பித் தருகிற சக்தி அதற்குக் கிடையாது. வாய்க்கால் தூர்ந்துவிட்டால் தண்ணீர் வயலிலேயே தேங்கி நிற்கிறது அல்லவா, காலிலும் அதுதான் நடக்கிறது. தூர்த்த புழு பத்திருபது வருடம் முன்பே செத்துப்போயிருக்கும். தூர்ந்தது தூர்ந்ததுதான்.

ஆனால் போன மாதம் அத்தையைப் படுக்கப்போட்ட காய்ச்சலுக்குப் புழு காரணம் இல்லை. இதை நீங்கள் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நிணநீர் தேங்கிய காலில் தோலுக்குக் காவல் குறைவு. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கும், குதிகாலில் வெடிப்பு இருக்கும், கொசு கடித்துச் சொறிந்த கீறல் இருக்கும். அந்த வழியாகச் சாதாரணப் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, குளிர் நடுக்குகிறது, கால் சிவந்து கொதிக்கிறது. நம் பக்கத்தில் இந்தக் காய்ச்சல் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும் என்பார்கள். நிலவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வருகிற ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் நாளங்களில் சிலவற்றைக் கெடுத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் கால் படிப்படியாகப் பருக்கிறது. காய்ச்சலை நிறுத்தினால் கால் பருப்பது நிற்கும். பலருக்குக் கொஞ்சம் வடியவும் செய்யும்.

காய்ச்சலை நிறுத்தச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். இவ்வளவுதானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், கடலூர் முதுநகர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் ஓர் அம்மாவைப் பார்க்கும் வரை.

மீன் கூடை தூக்கி விற்பவர். காலையில் துறைமுகத்தில் ஈரத்தில் நிற்பார், பிறகு வெயிலில் நடப்பார். இரண்டு கால்களிலும் வீக்கம், வலதில் அதிகம். மாதம் தவறாமல் காய்ச்சல் வரும், வந்தால் நான்கைந்து நாள் கூடை இறங்கிவிடும். அதற்குள் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு அனுப்பினார்கள். ஆனால் ஒருவரும் ஒருமுறையாவது குனிந்து அவர் விரல் இடுக்கைப் பார்த்ததில்லை. எங்களுடன் வந்த செவிலியர் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, கீறிக் கிடந்தது. இரண்டாம் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து, அடியில் புண்ணாகி, மேலே சதை மூடப் பார்த்தது. மெட்டியைக் கழற்றச் சொன்னோம். "புருஷன் உயிரோடு இருக்கும்போதே கழற்றச் சொல்கிறீர்களா?" என்று அந்த அம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். அரைமணி நேரம் பேச்சு. கடைசியில் அவர் கணவரே குறடு எடுத்துவந்து மெட்டியை வெட்டி, கழுவி, மனைவியின் மஞ்சள் கயிற்றில் தாலிக்குப் பக்கத்தில் கோத்துவிட்டார். "இனி இங்கே இருக்கட்டும்" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாத வழி அது.

பிறகு அந்தச் செவிலியர் கழுவிக் காட்டினார். அகன்ற பிளாஸ்டிக் தொட்டி, சூடில்லாத சுத்தமான தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு. சோப்பை நேராகக் காலில் தேய்க்காமல் கையில் நுரையாக்கி, முழங்காலிலிருந்து கீழே இறங்கி வந்தார். மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பையும் விரித்து. விரல் இடுக்குக்கு மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டி, உள்ளே விட்டு எடுத்தார். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊற்றினார். துடைப்பதுதான் முக்கியம் என்பார் அவர். தேய்க்கக்கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும், இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது. கடைசியில் விரல் இடுக்குகளில் பூஞ்சையைக் கொல்லும் விட்ஃபீல்டு களிம்பு. முடித்து எழுந்தபோது அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டோம். "இந்தக் காலை இதுவரை யாருமே தொட்டதில்லை" என்றார்.

தினமும் இரவு படுக்கும் முன் இதைச் செய்தார். ஆறு மாதம் கழித்து நாங்கள் போனபோது இரண்டே முறைதான் காய்ச்சல் வந்ததாகச் சொன்னார். மாதம் நான்கைந்து நாள் கூலி திரும்பக் கிடைத்த கணக்கை அவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா ட்ரையர் என்ற மருத்துவர் இதே முறையைத்தான் வகுத்து, நோயாளிகளையே குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைத்தார். அங்கிருந்துதான் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடுகளுக்கு இது போனது. ரெசிஃபியின் சேரிக்கும் கடலூர்க் குப்பத்துக்கும் நடுவே இரண்டு கடல்கள் இருக்கின்றன. விரல் இடுக்கில் இருப்பது ஒரே புண்தான்.

இனி நோய் எப்படி வந்தது, ஒழிந்தது என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். வுச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற நூல் போன்ற புழு. உலகில் யானைக்கால் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம். தாய்ப் புழு நிணநீர் நாளத்தில் ஐந்தாறு ஆண்டுகள் குடியிருந்து இலட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்துவிட்டு, நள்ளிரவை ஒட்டி வெளி இரத்தத்துக்கு வரும். நம் வீட்டுச் சாக்கடையில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். கொசுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டவர் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சீனத் துறைமுகமான அமோயில், நோயுற்ற தன் வேலையாளின் இரத்தத்தைக் குடித்த கொசுக்களை அறுத்து, புழு உள்ளே வளர்வதை 1877இல் பார்த்தார். மலேரியாவில் ரொனால்டு ராஸ் அதைக் காண்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பு. கொசு நோய் பரப்பும் என்ற அறிவே யானைக்காலில் தொடங்கியதுதான்.

குஞ்சுகள் இரவில் வெளி இரத்தத்துக்கு வருவதால்தான் இரத்தம் எடுக்க நாங்கள் இரவில் வந்தோம். உங்கள் அத்தையைக் கேளுங்கள், நினைவிருக்கும். எட்டரைக்கு மேல் பெட்டியும் டார்ச்சுமாகத் தெருவில் நுழைந்தால் நாய்கள் முதலில் வரும், பிறகு வசவு வரும். தூங்குகிற குழந்தையை எழுப்பி விரலில் குத்தினால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? இருபது கன மில்லிமீட்டர் இரத்தம், கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சாக இழுத்து, பெயரெழுதி, காயவைத்து நள்ளிரவில் வீடு திரும்புவோம். மறுநாள் தண்ணீரில் சிவப்பை அலசிவிட்டுச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தால், உறை போர்த்த சின்னஞ்சிறு புழு வளைந்து நெளிந்த வாக்கில் உறைந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தகடாக இருக்கும் அது. அந்தப் பிள்ளைக்குக் கால் நன்றாக இருக்கும், ஓடிப் பிடித்து விளையாடும். சிறுவயதில் உள்ளே போன புழு வாலிபத்தில்தான் வீக்கமாக வெளியே தெரியும். அத்தைக்கு இருபத்தைந்து ஆண்டு முன்பு கால் வீங்கியது என்றால், புழு உள்ளே போனது அவர் பாவாடை கட்டிய வயதாகக்கூட இருக்கும்.

நம் பகுதிக்கு இந்த நோயின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. நம்மவர்களுக்கே இது தெரியாது என்பது என் வருத்தம். புதுச்சேரியில் 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயவென்றே ஒரு மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் ஐந்தாண்டுகள் புதுச்சேரி நகரத்தையே களமாக வைத்து, சாக்கடை, கிணறு, செப்டிக் டேங்க் என்று கொசு பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுத்துப் பார்த்தார்கள். புழுவை மட்டும் கொன்று மற்ற உயிரை விட்டுவைக்கும் பாக்டீரியா ரகம் ஒன்று, பி-17 என்ற பெயரில், அங்கே கண்டெடுக்கப்பட்டதுதான். புழு என்றால் இங்கே கொசுப்புழு. காரைக்காலில் 1980களில் மாத்திரைக்குப் பதிலாக மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து ஊருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் தெர்மோகோல் மணிகளை மிதக்கவிட்டார்கள். கொசு முட்டையிட இடமில்லாமல், புழு மூச்சுவிட வழியில்லாமல் போனது. மாத்திரையோடு இதையும் செய்த ஊர்களில் பலன் கூடுதலாக நின்றது. இவை உலகத்து ஆய்வேடுகளில் பதிவான வேலைகள். ஏழைத் தெருக்களில், நாங்கள் வாங்கிய வசவுகளின் நடுவே நடந்தவை.

பிறகு 1997இல் உலக நாடுகள் கூடி இந்த நோயை ஒழிப்பது என்று தீர்மானம் போட்டன. 2000இல் உலகளாவிய திட்டம் தொடங்கியது. நோய் இருக்கும் பகுதியில் கால் வீங்கியவர், வீங்காதவர் என்று பார்க்காமல், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் மாத்திரை விழுங்கவேண்டும். ஐந்தாண்டுகளாவது விடாமல் செய்தால் சங்கிலி அறும். மொத்த மக்களில் குறைந்தது 65 விழுக்காடு பேர் உண்மையாகவே விழுங்கவேண்டும். "உண்மையாகவே" என்ற சொல்லுக்காகத்தான் நாங்கள் பட்ட பாடெல்லாம். வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார்கள், நாங்கள் தெருமுனை திரும்பியதும் மாத்திரை சாக்கடையில் மிதக்கும். குறை சொல்லவில்லை. நன்றாக இருக்கும் மனிதனை மாத்திரை தின்னச் சொல்லி, தின்றதும் அவனுக்குத் தலை சுற்றினால் யார்தான் நம்புவார்கள்? தலைசுற்றலும் காய்ச்சலும் உள்ளே புழு சாவதன் அடையாளம் என்று உட்கார்ந்து சொல்லத் தெரிந்த ஊழியர் போன தெருக்களில் விழுங்கினார்கள். அந்த ஊழியர்கள் பெரும்பாலும் அங்கன்வாடிப் பெண்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும்.

பல சுற்று முடிந்தபின், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். மாத்திரைக் காலத்துக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் தொற்று இல்லை என்றால், பரவல் நின்றுவிட்டது என்று பொருள். நம் பக்கத்தில் அந்தச் சோதனைகளில் தேறித்தான் ஊர்கூட்டி மாத்திரை தருவது நின்றது. நீங்கள் படித்த "ஒழிந்தது" இதுதான். பொய் இல்லை, பெரிய வெற்றி. உங்கள் பிள்ளை என்னைப் போன்றவர்களைப் பார்க்காமலே வளர்கிறது என்பதில் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாட்டுக்குச் சான்று தரும்போது இரண்டு கணக்குக் கேட்கிறது. பரவல் நின்றதா என்பது ஒன்று. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கும் விரைவீக்கம், அதாவது விதைப்பை வீக்கம், உள்ளவர்களுக்கும் சிகிச்சை எங்கே, எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்பது இன்னொன்று. இலங்கை 2016இல் இரண்டையும் காட்டிச் சான்று பெற்றது. வங்கதேசம் 2023இல், பிரேசில் 2024இல். இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. முதல் கணக்குக்குத்தான் கூட்டம் போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இரண்டாவது கணக்கு உங்கள் அத்தை. புழு ஒழிந்த அன்று அவருக்கு நாற்பதோ ஐம்பதோ வயது. இன்னும் முப்பது ஆண்டு அந்தக் காலோடு வாழவேண்டும். யானைக்கால் தடுப்புப் பிரிவு மூடப்படுகிறது, ஊழியர்கள் டெங்குக்கு மாற்றப்படுகிறார்கள், தெருவுக்கு யாரும் வருவதில்லை. என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் நான் கண்ணால் பார்த்தது இது. நோய் ஒழிந்தது என்ற செய்தியே நோயாளியைக் காணாமல் அடித்துவிட்டது.

உலகம் ஏன் புறக்கணிக்கிறது என்று கேட்டீர்கள். இந்த நோய் ஆளைக் கொல்லாது. விமானம் ஏறிப் பணக்கார நாட்டுக்குள் நுழைந்து அச்சுறுத்தாது. இது வருவது சாக்கடை ஓரத்துக் குடிசைக்காரர்களுக்கு, மருந்து வாங்கக் காசில்லாதவர்களுக்கு. டை எத்தில் கார்பமசின் கண்டுபிடித்தது 1947இல். இன்றைக்கும் அதுதான் முதுகெலும்பு. இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஐவர்மெக்டின் முதலில் சந்தைக்கு வந்தது ஆடுமாடுகளுக்கான மருந்தாக; அதைக் கண்டவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. மனிதனின் யானைக்காலுக்கென்று ஆய்வகம் கட்டிப் பணம் கொட்ட ஆளில்லை. 2000 முதல் 900 கோடி வேளைக்கும் மேல் மாத்திரை கொடுக்க முடிந்ததே, மருந்து நிறுவனங்கள் பெரும்பகுதியை இலவசமாகத் தந்ததால்தான். நீங்கள் கேட்ட புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் இப்போது 21 இருக்கின்றன. தொழுநோய், வெறிநாய்க்கடி, 2017இல் சேர்ந்த பாம்புக்கடி, 2023 கடைசியில் சேர்ந்த, குழந்தைகளின் வாயையும் முகத்தையும் அழுகவைக்கும் நோமா. வயலில் இறங்குபவரை, செருப்பில்லாமல் நடப்பவரை, சத்தில்லாத குழந்தையைத் தேடிப் பிடிப்பவை எல்லாம். காட்டுமன்னார்கோவில் நடவு வயலில் நிற்கும் ஒரு பெண்ணின் கால்களைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பாதியைப் படித்துவிடலாம்.

இதில் ஆண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திட்டம் தொடங்கிய காலத்தில் உலகில் கால் கை வீங்கியவர்கள் ஒன்றரைக் கோடி. விரைவீக்கம் வந்த ஆண்கள் இரண்டரைக் கோடி. ஊரில் ஓதம் என்பார்கள். கைலிக்குள் மறைத்துக்கொண்டு, படகில் ஏற முடியாமல், மனைவியிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, குடியில் இறங்கிய ஆண்களை எனக்குத் தெரியும். ஒருவர் வலை பின்னும் வேலைக்கு மாறிவிட்டார். முதுகுவலி என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். காலைப் போல் இல்லை இது. அறுவை சிகிச்சையில் முற்றிலும் சரியாகும். சிறிய அறுவைதான், அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் அவர் காதில் மட்டும் விழும்படி இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டமும் கண்ணில் படாமல் இருக்கிறது. பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து கடலூர் சிப்காட் பக்கமும் புதுச்சேரிக் கட்டட வேலைகளிலும் இருக்கும் பிள்ளைகள். நாட்டில் இந்த நோய் இன்று கனமாக இருப்பது அந்த மாநிலங்களில். தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்திருப்பார்கள், பக்கத்திலேயே கழிவுநீர் தேங்கி நிற்கும். அவர்கள் இரத்தத்தில் புழுக்குஞ்சு இருந்தால் நம் கொசு அதை எடுத்துக்கொள்ளும். அவர்கள் நோய் கொண்டுவந்தார்கள் என்று பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், கோபம் வரும். நாற்பது ஆண்டு முன்பு நம் கடலூர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போன இடத்தில் நம்மைப் பார்த்தும் இதையே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் போய் இரத்தம் எடுத்து, இருந்தால் மருந்து கொடுத்து, கொட்டகை முன்னால் நிற்கும் தண்ணீரை வெட்டிவிடவேண்டும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு டீக்கு ஆகும் செலவுதான். உங்கள் வீட்டிலும் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் வந்தது, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் கடலூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆரோக்கியமான கால் அந்தத் தண்ணீரைத் தாங்கும். வீங்கிய கால் தாங்காது. இரண்டே நாளில் காய்ச்சல். முகாமில் அரிசியும் பாயும் கொடுக்கிறோம். யானைக்கால் உள்ளவர் பாயில் உட்கார்ந்து எழ முடியாது, எல்லார் முன்னாலும் காலைக் கழுவ மாட்டார். வெள்ளம் வருகிறது என்றால் அத்தையை முதலில் மேட்டுக்கு அழைத்துப் போங்கள். சோப்பும் களிம்பும் ரேஷன் கார்டோடு ஒரே பையில் இருக்கட்டும்.

அத்தைக்குக் காய்ச்சல் மறுபடி வந்தால், அந்தச் சமயத்தில் காலைத் தேய்த்துக் கழுவவேண்டாம், உருவவேண்டாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், பச்சிலை அரைத்துப் பூசவேண்டாம், கொப்புளத்தைக் குத்தவேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, காலை உயர்த்திப் படுக்கவைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும், பாதியில் நிறுத்தக்கூடாது. மற்ற நாட்களில் இரவில் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். இதய நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலைச் சுழற்றவும் குதிகாலை ஏற்றி இறக்கவும் சொல்லுங்கள். இதுவரை யாரும் இரத்தமோ மற்றதோ பார்த்து உறுதி செய்யவில்லை என்றால் ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். சிறுநீரகம், இதயம், இரத்தக்குழாய், புற்றுநோய்ச் சிகிச்சை என்று கால் வீங்க வேறு காரணங்களும் உண்டு. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசின் மாத உதவித்தொகை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லி, கால் பராமரிப்புக்கான தொட்டி, குவளை, துண்டு, சோப்பு, களிம்பு அடங்கிய பெட்டியைக் கேளுங்கள். கேட்டால்தான் அந்த இரண்டாவது கணக்கில் ஒரு பெயர் ஏறும்.

செருப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். கடையில் விற்கும் எந்தச் செருப்பும் அந்தக் காலுக்குப் பொருந்தாது, அதனால் அத்தை வெறுங்காலோடுதான் நடப்பார். பஸ் நிலையத்துப் பக்கம் செருப்புத் தைப்பவர்களிடம் ஒரு காகிதத்தில் காலின் அச்சைக் கோடு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், மெத்தென்ற அடியும் அகன்ற வாரும் வைத்துத் தைத்துத் தருவார்கள். வார் கட்டுவதாக இருக்கட்டும், நுழைப்பதாக வேண்டாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தொட்டியும் இரண்டு சோப்பும் பழைய வேட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் நீங்களே கழுவிவிடுங்கள். வேண்டாம் தம்பி, நீ தொடாதே என்று அத்தை காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், விடுவார். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.